குளோரின் போட்டதும் நிறம் மாறும் குளம்: இரும்பும் மயில்துத்தமும்

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏரிக்கரை ஓரமாக ஒரு சின்னப் பண்ணை வீடு வைத்து, வார இறுதிகளில் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். இந்த வருடம் 33 அடி நீளம், 16 அடி அகலம், சராசரி நாலரை அடி ஆழத்தில் நீச்சல் குளம் கட்டினோம். போர் தண்ணீர் நிரப்பியபோது பளிச்சென்று தெளிவாக இருந்தது. சாயங்காலம் குளோரின் பவுடர் போட்டோம். விடிந்து பார்த்தால் டிக்காஷன் நிறம். பல நாள் ஃபில்டர் ஓட்டியதில் தெளிந்தது. அடுத்த மாதம் லேசாகப் பச்சை அடித்தது. பாசி என்று சொல்லிக் கடையில் மயில்துத்தம் கொடுத்தார்கள். அரைக் கிலோ வீதம் இரண்டு தடவை போட்டோம். இப்போது அடித்தளம் நன்றாகத் தெரிகிறது, ஆனால் தண்ணீர் நீலப்பச்சையாகவே நிற்கிறது. டைல்ஸ் இடுக்கெல்லாம் பழுப்பு, படிகளில் சாம்பல் கலந்த பச்சைக் கறை. போன வாரம் வந்த பெரியவர் ஒருவர், நரைமுடி பச்சையாகிவிட்டது என்று சண்டை போட்டுவிட்டுப் போனார். குளத்தை மொத்தமாகக் காலி செய்துவிடலாமா? பிள்ளைகள் இறங்கலாமா? பொங்கலுக்கு முன்பதிவு வந்திருக்கிறது. அதற்குள் சரியாகுமா?

பதில்: உங்கள் குளத்தில் இரண்டு கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கின்றன. முதலில் வந்த பழுப்பு, போர் தண்ணீரில் இருந்த இரும்பு. இப்போது நிற்கும் நீலப்பச்சை, பாசிக்கு மருந்து என்று நீங்களே போட்ட செம்பு. மயில்துத்தம் என்பது காப்பர் சல்ஃபேட்தான். பெரியவரின் சண்டையில் நியாயம் இருக்கிறது. நீச்சல் குளத்தில் முடி பச்சையாவதற்கு எல்லோரும் குளோரினைத் திட்டுவார்கள். முடியில் போய் ஒட்டுவது செம்பு. கறுப்பு முடியில் தெரியாது, நரைத்த முடியில் தெரிந்துவிடும்.

இன்றைக்கே மூன்று விஷயங்களை நிறுத்துங்கள். மயில்துத்தம் இனி ஒரு சிட்டிகைகூட வேண்டாம். "இன்னும் கொஞ்சம் ஷாக் கொடுத்தால் சரியாகிவிடும்" என்று குளோரினைக் கொட்டுவதும் வேண்டாம். போர் குழாயை நேராகக் குளத்தில் விடுவதையும் நிறுத்துங்கள். உங்கள் கதை முழுக்க அந்தக் குழாயில்தான் ஆரம்பிக்கிறது.

பூமிக்குள் ஆழத்தில் காற்று அதிகம் கிடையாது. அங்கே பாறையிலிருந்து கரையும் இரும்பு நிறமில்லாத வடிவத்தில் தண்ணீரோடு கலந்திருக்கும். மோட்டார் போட்டு மேலே எடுத்த நிமிஷத்தில் பார்த்தால் குடிநீர் போலத் தெளிவாகத்தான் தெரியும். காற்று பட்டால் மெதுவாகவும், குளோரின் பட்டால் சட்டென்றும் அது துருவாக மாறும். ஒரு கிராம் இரும்பை மாற்ற முக்கால் கிராம் குளோரின்கூட வேண்டாம். நீங்கள் அன்று சாயங்காலம் போட்டது அதைப்போலப் பல மடங்கு. அதனால்தான் விடிவதற்குள் மொத்தக் குளமும் நிறம் மாறியது. குளோரின் பவுடர் மட்டமான சரக்கு என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனவர்கள் உண்டு. பவுடர் தன் வேலையைத்தான் செய்தது.

அளவு எவ்வளவு என்று யோசித்தால் ஆச்சரியமாக இருக்கும். நீங்கள் சொன்ன அளவுக்குக் குளத்தின் கொள்ளளவு சுமார் 67 ஆயிரம் லிட்டர். கணக்குக்கு 70 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். போர் தண்ணீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு இருந்தால், முழுக் குளத்திலும் சேர்த்து 140 கிராம்தான். ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடி போதும், குளம் முழுக்கப் பழுப்பாக. லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே துணியிலும் டைல்ஸிலும் கறை பிடிக்கத் தொடங்கும்.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. அதைப் பலரும் பார்ப்பதில்லை. வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்தாலும், உங்கள் குளத்தின் பரப்புக்கு நாளுக்கு 250 லிட்டர் போகும். போவது வெறும் தண்ணீர்; இரும்பு அங்கேயே தங்கிவிடும். அந்த 250 லிட்டரை மறுபடி போரிலிருந்து ஊற்றினால் நாளுக்கு அரை கிராம், மாதத்துக்கு 15 கிராம் இரும்பு புதிதாகச் சேரும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் கூடுகிறது. அதாவது, இன்றைக்குக் குளத்தை அப்பழுக்கில்லாமல் சுத்தம் செய்து கொடுத்தாலும், இரண்டே மாதத்தில் கறை பிடிக்கும் நிலைக்கு அது தானாகவே வந்துவிடும். குளத்துக்கு வைத்தியம் பார்ப்பது பாதி வேலைதான். உள்ளே வரும் தண்ணீரைச் சரி செய்யாமல் எந்த மருந்தும் நிற்காது.

அடுத்த மாதம் வந்த பச்சை உண்மையிலேயே பாசிதானா? எனக்குச் சந்தேகம். இரும்பு கரைந்த தண்ணீரும் குளோரின் பட்டதும் சில சமயம் மஞ்சள் கலந்த பச்சையாகத் தெரியும். பாசி என்றால் தண்ணீர் கலங்கியிருக்கும், சுவரைத் தடவினால் வழவழக்கும், போட்ட குளோரின் ராத்திரியோடு காணாமல் போகும். உலோகம் என்றால் நிறம் இருக்கும், ஆனால் அடியில் கிடக்கும் காசுகூடத் தெரியும். சந்தேகம் வந்தால் இருட்டிய பிறகு குளோரின் அளவு பாருங்கள், விடியற்காலை வெயில் படுவதற்கு முன் மறுபடி பாருங்கள். அளவு அப்படியே இருந்தால் அங்கே பாசி இல்லை. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் குறைந்திருந்தால் ஏதோ உயிருள்ளது அதைத் தின்றிருக்கிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் டைவிங் குளம் திடீரென்று பச்சையானது பலருக்கு நினைவிருக்கும். அங்கே ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்து குளோரின் செயலிழந்ததுதான் காரணம் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். உங்கள் குளத்தில் நடந்தது அதற்கு நேர் எதிர்: குளோரின் வேலை செய்ததால் வந்த நிறம்.

மயில்துத்தத்தின் எடையில் கால் பங்கு செம்பு. நீங்கள் போட்ட ஒரு கிலோவில் சுமார் 250 கிராம். அத்தனையும் கரைந்தே இருந்தால் லிட்டருக்கு மூன்றரை மில்லிகிராம் வரும். அவ்வளவும் தண்ணீரில் இருக்காது. ஒரு பங்கு படிகளில் கறையாக இறங்கிவிட்டது, அதைத்தான் பார்க்கிறீர்கள். பாசிக்குச் செம்பு நல்ல விஷம் என்பது உண்மை. ஆனால் குளோரினைப் போல அது வெயிலில் போகாது, ஆவியாகாது. போட்டது போட்டபடி கிடக்கும். சும்மா நீச்சல் குளத்துக்கு அதை எடுத்துக் கொடுக்கும் வழக்கம் எனக்குப் பிடிப்பதே இல்லை. விலை மலிவு, உடனே பலன் தெரியும். வாடிக்கையாளரும் சந்தோஷமாகப் போய்விடுவார். கறை வரும்போது கடைக்காரர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

பிள்ளைகள் இறங்கலாமா என்று கேட்டீர்கள். இரும்பு மட்டும் என்றால், அடித்தளம் தெளிவாகத் தெரியும் வரை பயப்பட ஒன்றுமில்லை. வெள்ளை உடுப்பு வீணாகும், அவ்வளவுதான். தண்ணீர் கலங்கி அடி தெரியாவிட்டால் யாரையும் இறக்கக் கூடாது. மூழ்கினால் கண்ணுக்குத் தெரியாது. செம்பு வேறு. குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 10500 செம்பை லிட்டருக்கு 0.05 மில்லிகிராமிலும், வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 1.5 வரையிலும் அனுமதிக்கிறது. குளத்து நீர் குடிநீர் இல்லைதான். ஆனால் சின்னப் பிள்ளைகள் நீந்தும்போது குடிக்காமலா இருக்கிறார்கள்? அளவு தெரியும் வரை இறக்க வேண்டாம்.

சரி, என்ன செய்வது? முதலில் சோதனை. போர் தண்ணீர், குளத்துத் தண்ணீர், நீங்கள் வாங்கப்போகும் டேங்கர் தண்ணீர் என்று மூன்றையும் கொடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் இருக்கின்றன. கட்டணம் கட்டினால் பொதுமக்களுக்கும் பார்த்துக் கொடுப்பார்கள். தனியார் ஆய்வகமும் சரிதான். மொத்த இரும்பு, மாங்கனீஸ், செம்பு, காரத்தன்மை, கடினத்தன்மை, பிஎச் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "தண்ணீர் டெஸ்ட்" என்று மொட்டையாகச் சொன்னால் குடிநீருக்கு வழக்கமாகப் பார்க்கும் சிலவற்றை மட்டும் பார்த்துத் தந்துவிடுவார்கள், செம்பு விட்டுப்போகலாம். மாதிரி எடுக்கும்போது மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பாட்டிலைக் காற்று இடைவெளி இல்லாமல் விளிம்பு வரை நிரப்புங்கள். உலோகத்துக்கென்று தனி பாட்டிலில் சில சொட்டு அமிலம் விட்டுத் தருவார்கள், அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரும்பெல்லாம் பாட்டிலின் அடியில் படிந்துவிடும், அறிக்கையில் குறைவாக வரும்.

அறிக்கை வருவதற்குள் வீட்டிலேயே பார்க்கக் கூடியவை சில உண்டு. மாடித் தொட்டியின் உட்சுவரைத் தடவிப் பாருங்கள், செம்மண் நிறத்தில் வழுக்கலாக வருகிறதா? போர் தண்ணீரில் போட்ட டீ கறுத்துப் போகிறதா? நாலு கொய்யா இலையைக் கசக்கி ஒரு தம்ளர் போர் தண்ணீரில் போடுங்கள். இலையில் இருக்கும் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் தண்ணீர் ஊதா கலந்த கறுப்பாகும். அப்புறம், இரண்டு வெள்ளை வாளிகளில் போர் தண்ணீர் பிடித்து, ஒன்றில் மட்டும் கொஞ்சம் குளோரின் போட்டு அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். பழுப்பானால் இரும்பு. கறுத்த பழுப்போ ஊதாவோ வந்தால் மாங்கனீஸும் கூட இருக்கலாம். வராவிட்டால் அது இல்லை என்று ஆகாது, மாங்கனீஸ் மெதுவாகத்தான் மாறும். குளம் நிரப்பும் முன் இந்த வாளிச் சோதனையைச் செய்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. இனி டேங்கர் வந்தாலும், வால்வைத் திறப்பதற்கு முன் ஒரு வாளியில் செய்து பாருங்கள். அந்த லாரியும் பக்கத்து ஊர் போரிலிருந்துதான் வரும். காசு கொடுத்து அதே இரும்பை வாங்கிப் பயனில்லை.

கறையையும் சோதித்துவிடலாம். மருந்துக் கடையில் விட்டமின் சி மாத்திரை வாங்குங்கள். ஆரஞ்சு நிறத்தில் சப்பிச் சாப்பிடுவது வேண்டாம், அந்தச் சாயமே குழப்பும். வெள்ளையாகக் கிடைப்பதைப் பாருங்கள். தண்ணீருக்கு அடியில் இருக்கும் பழுப்புக் கறைமேல் மாத்திரையை வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அந்த இடம் மட்டும் வெளுத்தால் இரும்பு. அசையாமல் இருந்து, குளோரின் பட்டால் வெளுக்கிறது என்றால் அது இலைச் சருகின் கறை. தோப்புக்குள் குளம் இருந்தால் அதுவும் உண்டு. ஒரே ஒரு புள்ளியில் திரும்பத் திரும்பத் துரு வந்தால் தண்ணீரைக் குறை சொல்ல வேண்டாம். உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது, அல்லது யாரோ கொண்டை ஊசியைப் போட்டிருக்கிறார்கள்.

இனி குளத்துக்கு வருவோம். மொத்தமாகக் காலி செய்யவே செய்யாதீர்கள். ஏரிக்கரை, அதுவும் மழைக்காலம். குளத்துக்கு வெளியே நிலத்தடி நீர் உயர்ந்து நிற்கும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் எடைதான் தொட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. காலி செய்தால் கான்கிரீட் தொட்டி படகைப் போல மேலே எழும்பிவிடும். விரிசல் விட்டால் இன்றைய கறை ஒரு பொருட்டே இல்லை என்று தோன்றும். மூன்றில் ஒரு பங்கு மட்டும் எடுத்து, நல்ல தண்ணீர் நிரப்பி, கலக்கவிட்டு, மறுபடி மூன்றில் ஒரு பங்கு எடுங்கள். இரண்டு தடவையில் உலோகம் பாதிக்கும் கீழே வரும். மூன்றாவது தடவையும் செய்தால் முப்பது சதவீதம்தான் மிஞ்சும்.

ஆனால் தண்ணீரை எடுப்பதற்கு முன்பே கறையைக் கரைத்துவிட வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். கரைந்த கறை வெளியேறும் தண்ணீரோடு போய்விடும். தண்ணீரை மாற்றிய பிறகு கறையைக் கரைத்தால், காசு கொடுத்து நிரப்பிய நல்ல தண்ணீரில் மறுபடி உலோகத்தைக் கலந்ததாகும்.

கறை கரைக்க அஸ்கார்பிக் அமிலம், அதாவது அதே விட்டமின் சி, கெமிக்கல் கடைகளில் கிலோ கணக்கில் கிடைக்கும். 40 ஆயிரம் லிட்டருக்கு 450 கிராம் என்பது பொதுவான அளவு. உங்கள் குளத்துக்கு 800 கிராம். போடுவதற்கு முன் குளோரின் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குளோரினும் இதுவும் ஒன்றையொன்று தின்றுவிட்டுப் போகும், கறை அப்படியே இருக்கும். சில நாள் குளோரின் போடாமல் வெயிலில் விட்டாலே இறங்கிவிடும். பிஎச் 7.2 பக்கம் வையுங்கள். பம்பை ஓடவிட்டு, பவுடரைக் கறை அதிகமான இடங்களில் தூவுங்கள். படிகளுக்கு ஒரு பழைய காலுறைக்குள் போட்டு முடிந்து, கறையின் மேலேயே வைத்துவிடலாம். சில மணி நேரத்தில் பழுப்பு போய்விடும். படியில் இருக்கும் பச்சைச் சாம்பல் கறை செம்பு. அதற்கு விட்டமின் சி அவ்வளவாகப் பிடிக்காது. லெமன் சால்ட் என்று விற்கும் சிட்ரிக் அமிலத்தை அதே காலுறை முறையில் வைத்துப் பாருங்கள். இரண்டுமே பிஎச்சை இறக்கும், தினம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கறை போன மறுநாளே முதல் பங்கு தண்ணீரை எடுத்துவிடலாம். அதை ஏரிக்கோ மீன் குட்டைக்கோ விடாதீர்கள். மனிதனுக்குப் பெரிதாகத் தெரியாத அளவு செம்பும் மீனைக் கொல்லும். பயிர் இல்லாத நிலத்தில் பரவலாகப் பாயவிடுங்கள். குளோரின் இல்லாத இந்த நாட்களில் பாசி பிடிக்க வாய்ப்பு உண்டு. பயந்தால் செம்பு கலக்காத பாசிக்கொல்லி என்று கேட்டு வாங்குங்கள். டப்பாவின் பின்பக்கம் "காப்பர்" என்ற சொல் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நிரப்பும் தண்ணீர் எங்கிருந்து? இந்தப் பருவத்தில் உங்களிடம் இலவசமாக ஒன்று கொட்டுகிறது. ஆயிரம் சதுர அடி கான்கிரீட் மாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், வீணானது போக 4 ஆயிரம் லிட்டர் தேறும். அதில் இரும்பு இல்லை, செம்பு இல்லை. தமிழ்நாட்டில் 2003இலேயே கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள், குழாய் பெரும்பாலான வீடுகளில் இருக்கும். அதை ஒரு தொட்டிக்குத் திருப்பிவிட வேண்டியதுதான். முதல் மழையின் அழுக்கை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள்.

மீதிக்குப் போர் தண்ணீரைத் தயார் செய்யுங்கள். வீட்டில் சம்ப் இருக்கும். 10 ஆயிரம் லிட்டர் சம்ப்புக்கு, இரும்பு 2 மில்லிகிராம் இருந்தால், நல்ல பிளீச்சிங் பவுடர் 100 கிராம் போதும். அதை ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் நின்றதும் மேல் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். போர் குழாயை சம்ப்புக்குள் உயரத்திலிருந்து சிதறி விழும்படி விட்டால் காற்றும் வேலை செய்யும். ராத்திரி முழுக்க அசையாமல் விடுங்கள். துரு அடியில் இறங்கும். இறங்காமல் மிதந்தால் 200 கிராம் படிகாரம் கரைத்து ஊற்றுங்கள். காலையில் அடியிலிருந்து ஓர் அடி உயரத்துக்கு மேல் உள்ள தண்ணீரை மட்டும் குளத்துக்கு எடுங்கள். அடிச் சேற்றை அவ்வப்போது அள்ளிவிடுங்கள். உங்கள் மாதாந்திரத் தேவைக்கு இந்த ஒரு சம்ப் போதும். முழுக் குளத்தையும் இப்படி நிரப்ப ஒரு வாரம் பிடிக்கும், பரவாயில்லை.

இதில் ஒரு விதிவிலக்கு மாங்கனீஸ். சாதாரண பிஎச்சில் குளோரின் அதை மிக மெதுவாகத்தான் மாற்றும். ராத்திரியில் சம்ப்பில் படியாமல் தப்பித்து வந்து, குளத்தில் சாவகாசமாகக் கறுக்கும். அறிக்கையில் மாங்கனீஸ் 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மாங்கனீஸ் டையாக்சைடு மணல் போட்ட இரும்பு நீக்கும் ஃபில்டர் ஒன்றைப் போர் குழாயில் பொருத்துவதுதான் வழி. வீட்டு வாட்டர் சாஃப்ட்னரை இதற்கு நம்ப வேண்டாம். கொஞ்ச நாள் பிடிக்கும், பிறகு உள்ளே இருக்கும் ரெசினே துருவில் மூடிக்கொள்ளும். இன்னொன்று: மாங்கனீஸ் உள்ள தண்ணீரில், சொட்டு மருந்து விட்டு மஞ்சள் நிறம் பார்க்கும் குளோரின் கிட் பொய் சொல்லும். குளோரினே இல்லாமல் மஞ்சள் காட்டும். நிறம் வந்ததே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

மாற்றி முடித்ததும் செம்பையும் இரும்பையும் மறுபடி அளந்து பாருங்கள். இரண்டுமே லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் மிச்சத்தை உலோகத்தைக் கட்டிப்போடும் மருந்தால் சமாளிக்கலாம். மெட்டல் ரிமூவர், ஸ்டெயின் கன்ட்ரோல் என்று பல பெயரில் விற்பார்கள். பெரும்பாலும் உள்ளே இருப்பது பாஸ்ஃபோனேட், கடைக்காரர்கள் ஹெச்இடிபி என்பார்கள். ரிமூவர் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது எதையும் வெளியே எடுப்பதில்லை, உலோகம் கறையாகப் படியாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். குளோரின் அதை மெல்ல மெல்லச் சிதைத்துக்கொண்டே இருக்கும். வாரா வாரம் கொஞ்சம் சேர்க்க வேண்டும், சிதைந்த பாஸ்பேட் பாசிக்கு உரமாகவும் போகும். லிட்டருக்கு இரண்டு மூன்று மில்லிகிராம் உலோகத்தை இதை வைத்தே வருடம் முழுக்க ஓட்டலாம் என்று யாராவது ஒப்பந்தம் போட வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பணத்தில் ஃபில்டரே வாங்கலாம்.

அந்த மருந்து போட்ட பிறகு குளோரினை ஒரேயடியாக ஏற்றாதீர்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமில் ஆரம்பித்து, கறை திரும்புகிறதா என்று பார்த்துப் பார்த்து 2, 3 என்று கொண்டுவாருங்கள். முதல் இரண்டு வாரம் பிஎச் 7.2ஐ ஒட்டியே இருக்கட்டும். பிஎச் ஏறினால் உலோகம் வெளியே படியும். அதற்காக ரொம்பவும் இறக்கவும் வேண்டாம், இடுக்குச் சிமெண்டை அரிக்கும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வெந்நீர்க் குளம் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டிசிசிஏ (மெதுவாகக் கரையும், அமிலத்தன்மையுள்ள குளோரின்) மாத்திரையை ஸ்கிம்மர் கூடைக்குள், அதாவது மேல்மட்டத் தண்ணீரை இழுத்துக் குப்பை பிடிக்கும் கூடைக்குள் போட்டால், அமிலத்தன்மை மிகுந்த தண்ணீர் நேராக ஹீட்டருக்குப் போய் அதன் செம்புச் சுருளைக் கரைக்கும். மயில்துத்தம் போடாமலே குளம் பச்சையாகும் வழி அது.

உங்களைப் போலவே பழுப்பு வந்து, இன்னும் செம்பு போடாத வாசகர்களும் இருப்பார்கள். அவர்கள் தண்ணீரை மாற்ற வேண்டியதில்லை. பழுப்பாகிவிட்ட இரும்பு ஏற்கெனவே துரு, அதைப் படியவைத்து எடுத்துவிடலாம். ஃபில்டரின் பல்வழி வால்வை ரீசர்குலேட்டில் (ஃபில்டருக்குள் போகாமல் தண்ணீர் சுற்றும் நிலையில்) வைத்து, 70 ஆயிரம் லிட்டருக்கு இரண்டு, இரண்டரைக் கிலோ வெள்ளைப் படிகாரத்தை வாளி வாளியாகக் கரைத்துச் சுற்றிலும் ஊற்றி, இரண்டு மணி நேரம் ஓடவிட்டு மோட்டாரை நிறுத்துங்கள். காரத்தன்மை லிட்டருக்கு 80 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் முதலில் சோடா உப்புப் போட்டு ஏற்றிக்கொள்ள வேண்டும், படிகாரம் அதைத் தின்னும். மறுநாள் துரு முழுக்க அடியில் மெத்தையாகக் கிடக்கும். வால்வை வேஸ்ட்டில் (தண்ணீர் நேராக வெளியே போகும் நிலையில்) வைத்து, மெதுவாக, கலக்காமல் வேக்யூம் செய்யுங்கள். ஃபில்டர் வழியாக இழுத்தால் பாதி திரும்பக் குளத்துக்கே வந்துவிடும். வால்வுக் கைப்பிடியைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் மோட்டார் நின்றிருக்க வேண்டும். ஓடும்போது திருப்பினால் உள்ளே இருக்கும் ரப்பர் கிழிந்துவிடும்.

பாதுகாப்பு பற்றி ஒன்று. இப்போது உங்கள் ஷெட்டில் பிளீச்சிங் பவுடர், டிசிசிஏ, அமிலம் என்று எல்லாம் இருக்கும். பிளீச்சிங் பவுடரும் டிசிசிஏவும் ஒரே கரண்டி, ஒரே வாளி என்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். அமிலம் இரண்டில் எதோடு பட்டாலும் குளோரின் வாயு வரும். தனித்தனி அலமாரி, தனித்தனிக் கரண்டி. வேலைக்கு இருக்கும் தம்பியிடம் சொன்னால் மட்டும் போதாது, கூடவே நின்று காட்டிக் கொடுங்கள்.

பொங்கலுக்குள் முடியுமா என்றால், முடியும். மாதிரிகளை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள், குளோரின் தானாக இறங்கட்டும். அடுத்த வாரம் கறை கரைப்பதும் முதல் பங்கை எடுப்பதும். அதற்கடுத்த வாரங்களில் சம்ப்பும் மழையும் கொடுக்கும் வேகத்தில் நிரப்பி, இரண்டாவது பங்கை எடுங்கள். பெருமழை எச்சரிக்கை இருக்கும் நாட்களில் மட்டும் தண்ணீரை இறக்காதீர்கள், நிலத்தடி நீர் இறங்கும் வரை பொறுங்கள். அதனால் தாமதமாகி, செம்பு இன்னும் 1 மில்லிகிராமுக்கு மேலேயே நின்றால், வீட்டை வாடகைக்கு விடுங்கள், குளத்தை மூடி வையுங்கள். முன்பதிவு செய்தவர்களிடம் இப்போதே தொலைபேசியில் சொல்லி வைப்பது நல்லது. வந்து இறங்கிய பிறகு சொன்னால் அந்தப் பெரியவரைப் போல இன்னும் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள்.